ஏற்கெனவே உள்ளார்

ஒரு மனிதர் ஒருமுறைதான் இருக்க வேண்டும் என்பது எங்கள் பதிவு அலுவலகத்தின் அடிப்படைக் கொள்கை. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. இரண்டு முறை இருப்பவரால் எவ்வளவு தொல்லை என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். நாங்கள் பட்டிருக்கிறோம். ஒரு பெரியவர் தவறிப்போய் எங்கள் பதிவேட்டில் இரண்டு இடத்தில் இருந்தார். ஓர் இடத்தில் காலமானார். இன்னோர் இடத்தில் சௌக்கியமாக இருந்தார். காலமானவரின் குடும்பத்துக்கு எங்கள் அலுவலகம் அனுப்பிய இரங்கல் கடிதத்தைச் சௌக்கியமாக இருந்தவரே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, நேரே எங்களிடம் வந்துவிட்டார். அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் மேலிடத்துக்கே காது கேட்டது.

உடனே சுற்றறிக்கை வந்தது. "இனிவரும் நேர்வுகளில், பதிவு கோரும் நபர் ஏற்கெனவே உள்ளாரா என்பது கணினி வழியே சரிபார்க்கப்பட்ட பின்னரே பதிவு மேற்கொள்ளப்பட வேண்டும். ஐயம் எழும் நேர்வில், மேற்படி நபர் உள்ளார் எனவே கொள்ளப்படும்."

கணினி வழியே என்றால் நான்தான். எங்கள் அலுவலகத்தின் ஒரே புரோகிராமர். உடைந்த பிரிண்டர்களைப் போட்டுவைக்கும் அறையில் பாதியை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பிரிண்டர்கள் பாதிக்குக் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொள்ளும்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. கவுன்ட்டரில் ஒருவர் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், முகவரி கொடுத்ததும், "இப்படி ஒருத்தர் உள்ளே இருக்கிறாரா?" என்று, பதிவேடு முழுவதும் அடங்கிய தகவல் தளத்தை ஒரு கேள்வி கேட்க வேண்டும். எங்கள் தொழிலில் இதைக் குவெரி என்போம். இருக்கிறார் என்றால் திருப்பி அனுப்பு. இல்லை என்றால் சேர்த்துக்கொள். அவ்வளவுதான். நான் எழுதினேன். எழுதும்போது ஓர் அடைப்புக்குறியைத் திறந்தேன். மூடவில்லை.

தகவல் தளம் என்பது படு கறாரான ஆசாமி. திறந்த அடைப்புக்குறியை மூடாவிட்டால் பதிலே சொல்லாது. "உன் கேள்வியே தப்பு" என்று முகத்தில் அடித்தாற்போல் ஒரு பிழைச் செய்தியைத் திருப்பி அனுப்பும். அந்தச் செய்தி திரையில் வந்திருந்தால் முதல் நாளே என் குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆனால் நான்தான் சுற்றறிக்கையை வரி விடாமல் படித்தவன் ஆயிற்றே! பிழை என்றால் ஐயம். ஐயம் என்றால் உள்ளார். ஆகவே எந்தப் பிழை வந்தாலும் 'ஏற்கெனவே உள்ளார்' என்று காட்டும்படி எழுதி வைத்திருந்தேன். சொந்தக் கையாலேயே என் தப்புக்குப் போர்வை போர்த்தித் தூங்கவைத்துவிட்டேன்.

சோதிக்கவில்லையா என்று கேட்பீர்கள். சோதித்தோம். முறைப்படி, இயக்குநர் முன்னிலையில். முதலில் அவர் பெயரைக் கொடுத்தேன். 'ஏற்கெனவே உள்ளார்' என்றது. இயக்குநர் முகத்தில் ஒரு பூரிப்பு. அடுத்து என் பெயர். உள்ளார். கவுன்ட்டர் அம்மா, காவலாளி, தேநீர் கொண்டுவந்தவர் எல்லோரையும் போட்டுப் பார்த்தோம். எல்லோரும் இருந்தார்கள். நூற்றுக்கு நூறு சரி. இல்லாத ஆள் ஒருவரைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. இல்லாத ஆளுக்கு எங்கே போவது?

மறுநாளிலிருந்து பதிவுக்கு வந்த அத்தனை பேரும் ஏற்கெனவே இருந்தார்கள்.

கவுன்ட்டர் அம்மா இளகிய மனசுக்காரர். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்களைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். 'ஏற்கெனவே உள்ளார்' என்றால் அவருக்கு ஏற்கெனவே ஓர் எண் இருக்க வேண்டும். கையில் எண் இல்லை என்றால் தொலைத்திருக்க வேண்டும். தொலைத்தவருக்குப் புது எண் கொடுக்க விதியில் இடமிருக்கிறது. ஓர் உறுதிமொழி போதும். "எனது பதிவு எண்ணை எனது கவனக்குறைவால் தொலைத்துவிட்டேன் என இதன்மூலம் உறுதி கூறுகிறேன்." கையெழுத்துப் போட்டால் 'மீட்கப்பட்டது' என்ற முத்திரையோடு ஓர் எண் கிடைத்துவிடும்.

ஜனங்கள் போட்டார்கள். பிறந்து நாற்பது நாளான குழந்தைகள் தங்கள் கவனக்குறைவுக்கு அப்பாக்கள் மூலம் வருத்தம் தெரிவித்தன. ஆறு மாதத்தில் மீட்புப் பிரிவு என்று தனி அறையே வந்துவிட்டது. கவுன்ட்டர் அம்மா பதவி உயர்ந்து அதன் கண்காணிப்பாளர் ஆனார். சுழலும் நாற்காலி கொடுத்தார்கள். இரட்டைப் பதிவு ஒன்றுகூட இல்லாத ஒரே அலுவலகம் என்று மேலிடம் ஒரு பாராட்டுச் சான்றிதழ் அனுப்ப, இயக்குநர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். நானும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். மீட்புப் பிரிவின் வரிசை வாசல் தாண்டிப் போவதைப் பார்த்து, "எண்ணைக்கூடவா ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாது இந்த ஜனங்களுக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டதும் உண்டு. அந்தத் தலையில் வேறு யாராவது அடித்திருக்க வேண்டும்.

இப்படியே போயிருந்தால் நானும் பெரிய மனிதனாகவே ஓய்வு பெற்றிருப்பேன். என் அக்கா வந்தாள்.

அக்காவுக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. அத்தான் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். குழந்தையை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. போனில் பார்த்ததெல்லாம் பார்த்ததில் சேர்த்தியா? இருபதாம் தேதி விமானம். அதற்குள் குழந்தைக்குப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பதிவு எண் வேண்டும். பிரசவத்துக்கு வந்தவள் எங்கள் வீட்டிலேயே இருந்ததால், காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்குப் போய்விட்டு, மத்தியானமே திரும்பிவிட்டாளாம். நான் மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"டேய், இவ ஏற்கெனவே இருக்காளாம்டா!"

"யாரு?"

"இவதான். மூணு மாசத்துக்கு முன்னாடி நான் இடுப்பொடிஞ்சு பெத்தவ. இவளுக்கு முன்னாடியே எண் குடுத்தாச்சாம். நான் தொலைச்சுட்டேனாம். என் கவனக்குறைவாம். கையெழுத்துப் போடுன்னு தாளை நீட்டுறாங்க."

"போட்டுட வேண்டியதுதானேக்கா. எல்லாரும் போடுறாங்க."

"எதுக்குடா போடணும்? ராத்திரி பகல்னு பார்க்காம இவளைப் பார்த்துக்கறேன். ஒரு தடுப்பூசி தப்பினதில்ல. நான் எதையும் தொலைக்கல. செய்யாத தப்பை ஒத்துக்கிட்டுத்தான் என் பிள்ளை பேரைப் பதியணுமா? முடியாது."

"விமானம்…"

"விமானமும் வேணும். பொய்யும் எழுத மாட்டேன். எந்த மடையன்டா இந்த மெஷினுக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தான்? அவன் கை முறிய!"

அலுவலகத்தில் நான் பிரிண்டர் பழுது பார்ப்பதாகத்தான் வீட்டில் நினைப்பு. அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. குழந்தை என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. மூன்று மாதம் முன்னால் மருத்துவமனையில் அது பிறந்தபோது வாசலில் நின்றவன் நான். அது ஏற்கெனவே இருக்க வழியில்லை என்பதற்கு நானே சாட்சி.

மறுநாள் போய்க் குவெரியைத் திறந்து பார்த்தேன். அடைப்புக்குறியும் திறந்தே கிடந்தது.

அன்று இரவு சாப்பிடும்போது அக்கா மறுபடி அந்த மடையனைத் திட்டினாள். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் உட்கார்ந்திருந்தேன். "நீ என்னடா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறே?" என்றாள். "ஆமாக்கா, படு மடையன்" என்று நானும் கூடச் சேர்ந்து இரண்டு வார்த்தை திட்டினேன். நன்றாகத் திட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவனைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?

ஒரே ஓர் அடைப்புக்குறி. ஒரு தட்டுத் தட்டினால் தீர்ந்தது. ஆனால் எங்கள் அலுவலகத்தில் அனுமதியின்றி எதையும் சரிசெய்யக் கூடாது. கெடுப்பதற்குத்தான் அனுமதி தேவையில்லை. நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு இயக்குநரிடம் போனேன். மீட்புப் பிரிவுக் கண்காணிப்பாளர் அம்மாவும் அங்கே இருந்தார்.

"சார், குவெரியில ஒரு பிழை இருக்கு."

"எந்தக் குவெரி? சான்றிதழ் வாங்கினதா?"

"அதேதான் சார். அது யாரைக் கேட்டாலும் உள்ளார்னு சொல்லுது."

"உள்ளவங்களைத்தானே சொல்லுது?"

"இல்லாதவங்களையும் சொல்லுது சார்."

இயக்குநர் நியாயமான மனிதர். ஆதாரம் இல்லாமல் எதையும் தள்ளவும் மாட்டார், கொள்ளவும் மாட்டார். "சரி, இல்லாத ஒருத்தரைப் போட்டுக் காட்டுங்க" என்றார். அவர் மேஜைக் கணினியிலேயே போட்டேன். பெயர்: இல்லாதவன். தந்தை பெயர்: யாருமில்லை. முகவரி: எண் பூஜ்யம், தெரியாத தெரு. பொத்தானை அழுத்தினேன். 'ஏற்கெனவே உள்ளார்.'

"பார்த்தீங்களா சார்?" என்றேன்.

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரையையே பார்த்தார். திரையை மெல்லத் தட்டிக்கொடுத்தார். "அடேயப்பா! இப்படிப்பட்ட ஆளைக்கூட விடாம கண்டுபிடிச்சு வெச்சிருக்கே!"

"சார், இப்படி ஓர் ஆளே கிடையாது. பேரை நான்தான் இப்பக் கட்டிவிட்டேன்."

"உங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்னு சொல்லுங்க. பதிவேட்டுக்குத் தெரியாதா? தம்பி, இவர் இன்னும் எண் கேட்டு வரவே இல்லை. ரொம்பக் கவனக்குறைவான ஆளா இருப்பார் போலிருக்கு." பிறகு கண்காணிப்பாளர் அம்மாவிடம் திரும்பி, "மேற்படி நபருக்கு ஒரு கடிதம் போட்டுடுங்க. ஏழு நாளுக்குள்ள நேர்ல வந்து உறுதிமொழி தரணும்."

கடிதம் போனது. நான்காம் நாள் திரும்பியும் வந்தது. 'வீடு பூட்டியிருந்தது' என்று தபால்காரர் எழுதியிருந்தார். அதற்குமேல் அந்த ஆளின் இருப்பைச் சந்தேகிக்க யாருக்கும் துணிவில்லை.

வெளியே வந்ததும் கண்காணிப்பாளர் அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"தம்பி, நிஜமாவே பிழைதானா?"

"ஆமாம்மா."

"சரி, இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்? எல்லாருக்கும் எண் கிடைக்குது. என் பிரிவுல எட்டுப் பேர் வேலை பார்க்கறாங்க. நீங்க பாட்டுக்குச் சரிபண்ணிட்டா, அத்தனை பேரையும் நான் எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பேன்? உங்க பிரிண்டர் ரூமிலயா?"

என் அறையில் உண்மையிலேயே இடம் இல்லை.

தேதி பதினெட்டு ஆகிவிட்டது. அக்கா பெட்டியில் குழந்தைத் துணியை அடுக்குவாள், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வெளியே எடுத்து வைப்பாள். அத்தான் போன் செய்து, "கையெழுத்துத்தானே, போட்டுடேன்" என்றாராம். "நீங்க வந்து போடுங்க" என்று வைத்துவிட்டாளாம். வைத்துவிட்டு அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அழுதாள் என்று தெரிந்தது. என்னால் தாங்க முடியவில்லை. என் அக்காவைப் பிடிவாதக்காரி என்று ஆயிரம் பேர் சொல்லட்டும். அந்த வீட்டில் அன்றைக்கு நேராக நின்றவள் அவள் ஒருத்திதான். நான் அடைப்புக்குறியைப் போலவே வளைந்திருந்தேன்.

அன்று மத்தியானம் அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிட எழுந்து போனதும், அனுமதியாவது ஒன்றாவது என்று அந்த ஒரு தட்டைத் தட்டினேன். வீட்டுக்குப் போன் போட்டு, "அக்கா, உடனே கிளம்பி வா" என்றேன்.

இரண்டு மணிக்கு முதல் ஆளாக நின்றாள். முதல் கவுன்ட்டரில் இருந்த பெண் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். திரையைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து, பக்கத்தில் நின்ற என்னைக் கூப்பிட்டாள்.

"சார்! சார்! மெஷின் இல்லைங்குது!"

"என்ன இல்லைங்குது?"

"இந்தக் குழந்தை இல்லையாம் சார். இப்படி நான் பார்த்ததே இல்லை. கரன்ட் ஏதாவது கசியுதா?"

"இல்லைன்னா சரிதான்மா. புதுசாப் பதிவு பண்ணு."

எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை. தேடிக் கண்டுபிடித்தோம். 'புதிய பதிவு' என்ற அந்தப் பக்கத்தை ஆறு மாதமாக யாரும் தொட்டதில்லை. பத்து நிமிஷத்தில் என் மருமகள் இந்த உலகத்துக்கு முறைப்படி வந்து சேர்ந்தாள். அக்கா சான்றிதழை இரண்டு தடவை படித்தாள். "நான் சொன்னேன்ல? எதுவும் தொலையலன்னு?" என்று என் முதுகில் ஓர் அடி வைத்தாள். சந்தோஷ அடி. எனக்கு வலித்தது.

நாலு மணிக்கு இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். முகம் வெளிறியிருந்தது.

"இன்னிக்கு மத்தியானம் மட்டும் முப்பத்தொரு பேர் புதுசா வந்திருக்காங்க. ஆறு மாசமா ஒருத்தர்கூடப் புதுசா இல்லாத ஊர்ல, திடீர்னு முப்பத்தொரு பேர் எங்கேயிருந்து முளைச்சாங்க? மேலிடத்துல கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"சார், அவங்கல்லாம் பிறந்தவங்க சார்."

"பிறக்கட்டும். அதுக்காகப் புதுசா வரணுமா?" உட்கார்ந்து அங்கேயே உத்தரவு எழுதினார். "அனுமதியின்றிச் செய்யப்பட்ட மாற்றம் உடனடியாக நீக்கப்பட்டு, மென்பொருள் முந்தைய நிலைக்குக் கொண்டுவரப்பட வேண்டும். அதில் பிழை ஏதும் நேராவண்ணம் பார்த்துக்கொள்ளப்பட வேண்டும்."

அப்படியே செய்தேன். அடைப்புக்குறியை எடுத்தேன். இந்தமுறை இருப்பவர், இல்லாதவர், பிறக்கப்போகிறவர் என்று எல்லா விதமாகவும் போட்டு ஒன்றரை மணி நேரம் சோதித்தேன். என் உத்தியோக வாழ்க்கையில் பிழையில்லாமல் நான் செய்த ஒரே வேலை அந்தப் பிழைதான்.

போகட்டும், அக்காவின் காரியம் முடிந்ததே என்று இருந்தேன். மறுநாள் காலை அவளோடு பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நகத்தால் சுரண்டினார்.

"மீட்கப்பட்டதுன்னு முத்திரை எங்கே?"

"தொலையலை சார். அதனால மீட்கலை" என்றாள் அக்கா.

"இந்த ஆறு மாசத்துல பிறந்த எல்லாக் குழந்தைக்கும் அந்த முத்திரை இருக்கு. உங்களுக்கு மட்டும் இல்லைன்னா என்ன அர்த்தம்? இதை எங்கே அச்சடிச்சீங்க?"

"சார், இதுதான் சார் ஒரிஜினல்" என்றேன் நான்.

"அதைத்தான் நானும் சொல்றேன். எல்லாரும் ஒழுங்கா நகல் கொண்டுவராங்க, நீங்க மட்டும் ஒரிஜினலைத் தூக்கிட்டு வர்றீங்க. சந்தேகம் வருமா வராதா? மூணு மணிக்குள்ள முத்திரையோட வாங்க, இன்னிக்கே தந்துடறேன். இல்லைன்னா விசாரணைக்குத்தான் போகும்."

மணி பதினொன்று. மறுநாள் விமானம். ஆட்டோ பிடித்து மீட்புப் பிரிவுக்கு வந்தோம். கண்காணிப்பாளர் அம்மா சான்றிதழை வாங்கிப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"எண் கையிலயே இருக்கே. தொலைச்சாத்தானே மீட்க முடியும்?" கொஞ்சம் யோசித்து மேஜை டிராயரைத் திறந்தார். "இதுக்குள்ள போடுங்கம்மா."

அக்கா போட்டாள். அம்மா டிராயரை மூடினார். "அவ்வளவுதான், தொலைஞ்சாச்சு. இப்ப உறுதிமொழி எழுதுங்க."

"உங்க டிராயர்லதானே இருக்கு?"

"டிராயர்ல இருந்தா தொலைஞ்சதுதான்மா. இந்த ஆபீஸ்ல எந்தக் காகிதம் டிராயருக்குள்ள போய்த் திரும்பி வந்திருக்கு?"

"அப்படின்னா தொலைச்சது நீங்க. நீங்க எழுதுங்க" என்றாள் அக்கா. குழந்தை அழ ஆரம்பித்தது. அக்கா அதைத் தோளில் போட்டுத் தட்டினாள். "நான் தொலைக்கலைம்மா. சத்தியமா நான் எதையும் தொலைக்கல. என்னால எழுத முடியாது."

"உறவுக்காரங்க யார் எழுதினாலும் போதுமாம்மா?" என்று கேட்டேன்.

"தாய்மாமன் தாராளமாப் போடலாம்."

தாளை வாங்கினேன். "எனது கவனக்குறைவால்" என்று ஆரம்பித்தேன். முன்பக்கத்தில் எழுதக் கொடுத்திருந்த கோடு அங்கே முடிந்தது. எனக்கு முடியவில்லை. பின்பக்கம் திருப்பி எல்லாவற்றையும் எழுதினேன். அடைப்புக்குறியை மூடாதது. பிழையை 'உள்ளார்' என்று காட்டச் சொன்னது. இல்லாத ஆளைப் போட்டுச் சோதிக்காதது. சான்றிதழ் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டது. தெரிந்த பிறகும் வீட்டில் வாயைத் திறக்காதது. ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. கீழே கையெழுத்துப் போட்டேன்.

கண்காணிப்பாளர் அம்மா முன்பக்கத்தை மட்டும் பார்த்தார். "கவனக்குறைவுன்னு வந்துடுச்சு. போதும். மீதியை யார் படிக்கப்போறா?" என்று ஓங்கி முத்திரை குத்தி, காகிதக் கட்டோடு சேர்த்தார்.

ஆனால் நான் எழுதும்போதே தோளுக்குப் பின்னால் நின்று அக்கா படித்திருந்தாள். முத்திரை வாங்கி, பாஸ்போர்ட் வாங்கி, பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"டேய்."

"சொல்லுக்கா."

"பத்து நாளா அவன் கை முறியணும்னு சாபம் விட்டேனேடா."

"ஆமாக்கா."

"வலிக்குதா?"

"இல்லக்கா."

"வலிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, குழந்தையை என் கையில் கொடுத்தாள். மறுநாள் போய்விட்டாள்.

ஆண்டு முடிந்து எங்கள் அலுவலகத்தின் அறிக்கை வெளிவந்தது. நல்ல வழவழப்பான தாள். அதில் ஏழாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "நடப்பாண்டில் 9,412 பொதுமக்கள் தமது கவனக்குறைவை எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளனர். அலுவலகத் தரப்பில் கவனக்குறைவு ஏதும் பதிவாகவில்லை."

பொதுமக்களில் நானும் ஒருவன். என் தாளும் அந்தக் கட்டுகளில்தான் இருக்கிறது. படிக்கிற நீங்கள் இதற்கெல்லாம் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் தாளும் அங்கேதான் இருக்கிறது. எதைத் தொலைத்தோம் என்று கேட்காமல், வரிசை நகர்ந்தால் போதும் என்று போட்டுவிட்டுப் போனீர்கள். இல்லை என்று சாதிக்காதீர்கள். போன வாரம்தான் உங்கள் பெயரைத் தேடிப் பார்த்தேன். ஏற்கெனவே உள்ளீர்கள்.